முள்ளங்கிக் கொல்லையில் தெரிந்த நீலம்

சம்பவ இடத்தில் உங்களைத் திணறடிக்கப்போவது பிணமோ அதன் நாற்றமோ அல்ல. அதற்கெல்லாம் மூக்கும் வயிறும் சில மாதங்களில் பழகிவிடும். பழகவே பழகாத ஒன்று உண்டு. வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றும்போது ஒரு காவல் அதிகாரி உங்கள் தோளருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "ஆமாவா, இல்லையா சார்?" என்று கேட்பார். அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். அவர் அறிக்கையைக் கேட்கவில்லை. அந்த நிமிடத்தில் உங்கள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்.

தடய அறிவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுத நினைத்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். என் காலத்துச் சோதனைகளில் பலவற்றை இன்று யாரும் செய்வதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் இன்றும் அதே தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள் என்று இப்போது பணியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். நான் ஒருமுறை அதற்குப் பதில் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் என்ன ஆனார் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அது 1991. அந்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரைத் தெரியாதவர்கள் நாட்டில் இல்லை. எங்கள் மூத்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு வழக்கில் மூழ்கியிருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் வேறு எது நடந்தாலும் என்னைப் போன்றவர்களைத் தனியாக அனுப்பினார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. காவல் நிலையங்கள் மிரண்டு கிடந்தன. சைக்கிள் திருட்டைக்கூட மேலிடத்துக்கு உடனே சொல்ல வேண்டியிருந்த காலம் அது.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலையில் ஜீப் வந்து என்னை அழைத்துப் போனது. ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி உள்ளே போனால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு கிராமம். இன்று அந்த இடத்தில் கம்பெனி மதில் நீளமாகப் போகிறது. அன்று வழியெல்லாம் கொல்லைகள். கத்தரி, கீரை, முள்ளங்கி. தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு மட்டும் வந்திருந்தது. பேச்சுக்கு முன்னாலேயே தரகர்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

முள்ளங்கிக் கொல்லை ஒன்றின் நடுவில் ஓலை வேய்ந்த பம்ப்செட் கொட்டகை. மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்று அங்கே ஒரு பழைய ஆயில் இன்ஜினும் வைத்திருந்தார்கள். அந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் ஏழுமலை என்ற இளைஞர் மல்லாந்து கிடந்தார். இடது நெற்றிப்பொட்டு உடைந்திருந்தது. தலைக்கடியில் மண் கறுத்திருந்தது. சற்றுத் தள்ளி, சுவரோரமாக ஓர் அரிவாள்.

அது ஏழுமலையின் அண்ணன் கன்னியப்பனுடையது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்ததால் ஊரே அதை அடையாளம் சொன்னது. நிலத்தைத் தரகருக்குக் கொடுத்துவிடலாம் என்பது தம்பியின் எண்ணம். முடியாது என்பது அண்ணனின் பிடிவாதம். முந்தைய நாள் மாலை டீக்கடை வாசலில் கன்னியப்பன் குடித்துவிட்டு, "நெலத்த வித்த, வெட்டிப் போட்டுருவேன்டா" என்று கத்தியதைப் பலர் கேட்டிருந்தார்கள். காலையில் முள்ளங்கி கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சுயநினைவில்லாமல் கிடந்த அவரை எழுப்பி, வேப்பமரத்தடியில் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். தம்பி செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். அழவில்லை. வாயைத் திறந்தபடி கொட்டகையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"சார், எல்லாம் ரெடி" என்றார் இன்ஸ்பெக்டர். "சண்டை போட்டதுக்குச் சாட்சி கீது. ஆயுதம் கீது. ஆளும் கீறான். நீங்க ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது. எஸ்.பி. வயர்லெஸ் மைக்ல கூப்டுகினே இருக்காரு. இந்த வருஷம் எங்களுக்கு எப்படிப் போவுதுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் கெட்டவர் அல்ல. மே மாதத்திலிருந்து வீட்டுக்குப் போய் ஒழுங்காகத் தூங்காதவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அரிவாளின் விளிம்பில் பழுப்பாக ஒரு கறை காய்ந்திருந்தது. கொட்டகை வாசலில், வெளிச்சத்தில் வைத்து அதை முதற்கட்டமாகச் சோதித்தேன். கறையை வடிகட்டும் தாளில் ஒற்றி, மேலே இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்ட வேண்டும். இரத்தமாக இருந்தால் தாள் நீலமாகும். இரத்தமாக இல்லாவிட்டாலும் சில நேரம் நீலமாகும். அதனால்தான் அது முதற்கட்டச் சோதனை. "இரத்தமாக இருக்கலாம், ஆய்வகத்துக்கு எடுத்துப் போ" என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. முதலாண்டு மாணவருக்கும் இது தெரியும்.

காவலர்கள் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் ஊர் முழுவதும் நின்றிருந்தது. கன்னியப்பனின் மனைவி பவுனு முன்வரிசையில் இருந்தார். நான் தாளைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்தேன். அதற்கு எந்தத் தேவையும் இல்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன்.

நீலம் வந்தது. கூட்டத்தில் "ஐயோ" என்று ஒரு சத்தம்.

நான் ஒளிக்கக் கூடாத இடம் இது. இரத்தம் என்றால் சொட்டு விழுந்ததுமே நீலம் பாய்ந்து வரும். அன்று அது தயங்கித் தயங்கி, ஓரத்திலிருந்து ஊறி வந்தது. அதை நான் பார்த்தேன். மனதில் ஒரு சிறு நெருடல் எழுந்ததும் நினைவிருக்கிறது. காயத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டது போல் இல்லாமல் நசுங்கிக் கிழிந்திருந்ததையும் பார்த்தேன்.

"காயம் வெட்டு மாதிரி இல்லையே" என்றேன்.

"திருப்பிப் போட்டு அடிச்சிருப்பான் சார், அரிவாளோட முதுகால. போதையில எந்தப் பக்கம்னு பாத்தா அடிப்பான்?" என்ற இன்ஸ்பெக்டர் தோளருகே வந்தார். "ரத்தம்தானே? ஆமாவா, இல்லையா சார்?"

நான் தலையசைத்தேன்.

வாயைத் திறக்கவில்லை. மேலும் கீழுமாக ஒரே ஓர் அசைவு. இன்ஸ்பெக்டர் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார். இரண்டு காவலர்கள் கன்னியப்பனைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நான் அந்தக் கொட்டகையில் செய்ததெல்லாம் சடங்கு. அளந்தேன், படம் எடுத்தேன், மண்ணைப் பொட்டலம் கட்டினேன், அரிவாளை முத்திரையிட்டேன். எதையும் தேடவில்லை. நீலம் வந்த பிறகு என் கண் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. சம்பவ இடத்தில் ஒரு பதில் கிடைத்துவிட்டால் மற்ற கேள்விகளெல்லாம் செத்துப்போகும். எந்தப் பாடத்தையும்விட இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் எனக்குப் போதும்.

ஆய்வகத்தில் இரத்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட தோழி ஒருத்தி இருந்தாள். என்னோடு வேலையில் சேர்ந்தவள். எதையும் கேலியோடுதான் சொல்வாள். அந்த ஆண்டு அவள் மேசையில் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. என் அரிவாளின் முறை வருவதற்குள் பல நாட்கள் ஓடிவிட்டன. ஒரு மதியம் என் அறைக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

"ஏம்பா, கொலைகாரனைப் புடிக்கப் போனியா, கொத்தவால்சாவடிக்குக் காய் வாங்கப் போனியா?"

"என்ன?"

"உன் அரிவாள்ல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. மனுஷ ரத்தம் இல்ல, ஆடு மாடு ரத்தமும் இல்ல. துருவும் ஏதோ செடிச் சாறும்தான். அங்க இன்னா பயிரு?"

"முள்ளங்கி" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பொய்யாக நீலம் காட்டும் பொருட்கள் என்று எங்கள் பாடநூல்களில் சொல்லியிருப்பவற்றில் முள்ளங்கிச் சாறு முக்கியமானது. காய்கறியை லாரியில் ஏற்றும் முன் முள்ளங்கித் தழையை நறுக்குவது அரிவாளால்தான். நான் முள்ளங்கிக் கொல்லையின் நடுவில் நின்றுகொண்டு, முள்ளங்கி நறுக்கிய அரிவாளைச் சோதித்து, இரத்தம் என்று தலையசைத்திருக்கிறேன். ஊரில் வேறு யாருக்கும் அந்தத் தவறு நேர்ந்திருக்க முடியாது. அதைச் செய்வதற்கு என் படிப்பு வேண்டும்.

"வாயால எதுவும் சொல்லிடலையே?" என்று கேட்டாள்.

நான் சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பார்த்தேன்.

காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இப்ப வந்து இல்லன்றீங்க. பேப்பர்ல வந்தாச்சு. எஸ்.பி. கையக் குடுத்துப் பாராட்டிட்டாரு. அதெல்லாம் போவட்டும். அவனே ஒத்துகினான் சார்."

"அடித்தீர்களா?"

"மொத ரெண்டு நாளு. பொய் சொல்ல விரும்பல. அப்பால அடிக்கல. அடிக்கவே வேணாம்னுட்டான். அவனாவே உக்காந்து சொல்றான். வேணும்னா நீங்களே கேளுங்க."

கன்னியப்பனைக் கைது செய்ததாக அதுவரை எந்தக் கணக்கிலும் காட்டியிருக்கவில்லை. பின்பக்க அறையில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். பாதங்கள் வீங்கியிருந்தன. குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல், பாதத்தின் விளிம்பில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் கும்பிட்டார்.

"நீங்கதானே மருந்து ஊத்துன சார்?" என்றார்.

"ஆமாம்."

"நான் பாத்தேன் சார். நீலமா ஆச்சு. என் வூட்டுக்காரியும் பாத்துச்சு." குரலில் கோபம் துளியும் இல்லை. "மொதல்ல நான் இல்ல, நான் இல்லன்னுதான் கத்திகினு இருந்தேன். அடி தாங்காம இல்ல சார், அடி வாங்கிக்கலாம். ஆனா குந்திகினு யோசிச்சேன். அன்னிக்கு டீக்கட வாசல்ல நின்னது நெனப்பு கீது. அப்பால ஒன்னுமே நெனப்பு இல்ல. காலைல தொட்டியாண்ட எழுப்புறாங்க. நடுவுல இன்னா பண்ணேன்? எனக்குத் தெரியாது. ஆனா மருந்துக்குத் தெரியுதே. அதுக்கு என் மேல இன்னா சார் கோவம்? அது ஏன் பொய் சொல்லப் போவுது?"

"கன்னியப்பன், அது தப்பு. அது இரத்தம் இல்லை. முள்ளங்கிச் சாறு."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு முகம் சுருங்கியது.

"வேணாம் சார். பாவம் பாத்து இப்படிச் சொல்லாதீங்க. என் தம்பிய நான் தூக்கி வளத்தவன். அவன நானே அடிச்சிட்டேன்னு ஒத்துக்கறதுக்கு எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? இப்ப போயி முள்ளங்கின்னு கிண்டல் பண்றீங்களே."

அடித்து வாங்கிய ஒப்புதல்களை அதற்கு முன்பும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றைச் சொல்பவர்கள் கண்ணில் பொய் தெரியும். நீதிபதி முன்னால் மறுத்துவிடுவார்கள். இது அப்படியல்ல. இந்த மனிதர் நம்பினார். அடி அவரை உடைக்கவில்லை. நான் காட்டிய தாள்தான் உடைத்தது. வெளியே வந்து காம்பவுண்டு சுவரோரம் நின்றேன்.

"அப்போ செத்தவன் எப்படி சார் செத்தான்?" என்று பின்னால் வந்து நின்றார் இன்ஸ்பெக்டர். "அதைச் சொல்லுங்க. நான் விட்டுடறேன்."

அது நியாயமான கேள்வி. அன்று காலையே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஒரு காவலரை அழைத்துக்கொண்டு மறுபடியும் கொட்டகைக்குப் போனேன். முள்ளங்கி இலைகள் வாடித் தொங்கின. மின்சாரம் இல்லை. பவுனு கொட்டகைக்குள் குனிந்து மூலை மூலையாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கினார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"இன்ஜின் ஆண்டிலு. அத்தப் போட்டுச் சுத்துனாத்தான் இன்ஜினு ஓடும். எத்தினி நாளா தேடறேன், காணோம். எடுத்துகினு போனவங்க குடுத்துட்டா தண்ணியாவது பாய்ச்சுவேன். பயிராவது பொழைக்கட்டும்."

"அரிவாளையும் மண்ணையும் தவிர நாங்கள் எதையும் எடுத்துப் போகவில்லையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு பழைய ஆயில் இன்ஜின். அதைக் கையால் சுற்றி ஓட்டும் இரும்பு ஹேண்டில். இன்ஜின் பிடித்ததும் ஹேண்டில் கழன்றுகொள்ள வேண்டும். தேய்ந்துபோன ஹேண்டில் சில நேரம் கழலாமல் இன்ஜினோடு சேர்ந்து சுழலும். அப்படிச் சுழல்வது எதிரில் இருப்பவரின் தலை உயரத்துக்கு வந்தால்? ஏழுமலை விழுந்து கிடந்த இடத்தை நினைத்துப் பார்த்தேன். இன்ஜினைச் சுற்ற நிற்பவர் நிற்கும் இடம் அதுதான். டீசல் தீரும்வரை இன்ஜின் தானாக ஓடிவிட்டு நின்றிருக்கும்.

கழன்று பறந்த இரும்பு எங்கே போயிருக்கும்? தரையில் இல்லை. சுவரில் அடையாளம் இல்லை. நான் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினேன்.

ஓலைக்கூரைக்கும் மூங்கில் வாரைக்கும் இடையே அது செருகிக்கொண்டு நின்றது. அன்று காலை நாங்கள் அத்தனை பேரும் அதற்குக் கீழேதான் நின்று பேசினோம்.

காவலர் ஏணியைச் சாய்த்துப் பிடிக்க, நான் ஏறிக் கையுறையோடு எடுத்தேன். வளைவில் கறுப்பாகக் கறை. இரண்டு மூன்று மயிரிழைகள் ஒட்டியிருந்தன. கீழே இறங்குவதற்குள் பவுனு என் காலடியில் வந்துவிட்டார்.

"சார், அது ரத்தம்தானே? கொழுந்தன் தலமயிருதானே அது? சொல்லு சார். ஒரு வார்த்த சொல்லு. இந்தப் போலீசுகாரரு கேக்கட்டும். இன்னிக்கே அவர வுட்டுருவாங்க."

என் பையில் அதே மருந்துகள் இருந்தன. தாளும் இருந்தது. சொட்டினால் நீலம் பாய்ந்திருக்கும் என்று எனக்குக் கிட்டத்தட்ட உறுதியாகத் தெரியும். காவலரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதும்மா" என்றேன். "ஆய்வகத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"அன்னிக்கு மட்டும் இங்கியே நின்னு சொன்னியே!" என்று அவர் கத்தினார். "அவர உள்ள தள்றதுக்கு மட்டும் ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிது. வெளிய வுடறதுக்குத் தெரியாதா உனக்கு? நீ படிச்சவனா, இல்ல இன்னா நீ?"

அந்த அம்மாள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நான் "தெரியாது" என்றதிலும் பிழை இல்லை. என் பணிக்காலத்தில் நான் முழுமையாகச் சரியாக நடந்துகொண்ட நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அன்றுதான் பவுனு என்மேல் காறித் துப்பினார். சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நான் "தெரியாது" என்று சொன்னதால் கன்னியப்பன் இன்னும் சில நாட்கள் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

தோழி மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு ஹேண்டிலைப் பார்த்தாள். மனித இரத்தம். ஏழுமலையின் இரத்தப் பிரிவு. மயிரும் அவருடையதோடு ஒத்துப்போனது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், காயத்தின் வளைவும் ஹேண்டிலின் வளைவும் பொருந்துகின்றன என்று எழுதினார். கொலையே நடக்கவில்லை. இருட்டும் முன் தண்ணீர் பாய்ச்ச வந்த ஒருவர் தன் சொந்த இன்ஜினால் இறந்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கன்னியப்பனை வீட்டுக்கு அனுப்பினார்.

இங்கே முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல பாடமாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருப்பேன். உண்மையில் இங்கே நிறுத்தித்தான் பல வருடங்கள் சொல்லியும் வந்தேன். கைதட்டல்கூடக் கிடைக்கும். மீதியை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

கன்னியப்பனைச் சட்டத்துக்குப் புறம்பாக நிலையத்தில் வைத்திருந்ததைப் பற்றிப் பவுனு மனுக் கொடுத்தார். வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணைக்கு உத்தரவானது. என்னையும் அழைத்தார்கள். போவதற்கு முன் எங்கள் துணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். ஒரு மயிரிழையைக் கையில் எடுக்கும் முன் எப்படி மூச்சை அடக்க வேண்டும் என்பது வரை அவரிடம் கற்றதுதான்.

"அறிக்கைல இருக்கறத மட்டும் பேசு" என்றார். "அங்க நீ என்ன ஜாடை காட்டின, யார் என்ன புரிஞ்சுகிட்டாங்கன்றது நம்ம வேலை இல்ல. நீ ஒருத்தன் தப்புன்னு ஒத்துகிட்டா, நாளைக்கு நம்ம கொடுத்த அத்தனை அறிக்கையையும் வக்கீலுங்க கிழிப்பாங்க. இந்த வருஷம் அதுக்கு நேரமில்லப்பா."

அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். துறையையும் காப்பாற்ற நினைத்தார். நான் எதிர்த்து எதுவும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் பதவி உயர்வு போய்விடும் என்ற கணக்கும் எனக்குள் ஓடியது. அதை அவர் சொல்லவில்லை. நானே போட்ட கணக்கு.

தாலுகா அலுவலகத்தில் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் ஆர்.டி.ஓ. உட்கார்ந்திருந்தார். பொறுமையான மனிதர். அறிக்கைகளைப் படித்து முடித்துவிட்டுக் கன்னியப்பனைப் பார்த்து எளிமையாக விளக்கினார்.

"ஏம்பா, நல்லாக் கேட்டுக்கோ. உன் தம்பி இன்ஜின் ஹேண்டில் அடிச்சு இறந்துட்டாரு. நீ ஒன்னும் பண்ணல. அரிவாள்ல ரத்தமே இல்ல. புரியுதா?"

கன்னியப்பன் கைகட்டி நின்றார். நடை இன்னும் சரியாகவில்லை.

"புரியுதுங்க. ஆனா ஒன்னு. இவுங்க அன்னிக்கு ரத்தம்னு சொன்னாங்க. ஊரே பாத்துச்சு. இன்னிக்கு இல்லன்றாங்க. எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்? தம்பி பொண்டாட்டி என் மொகத்துல முழிக்க மாட்டேங்குது. அதுவும் அந்த நீலத்தக் கண்ணால பாத்துச்சு." என் பக்கம் திரும்பினார். "அந்த சாரே சொல்லட்டுங்க. அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன், நீ பண்ணலன்னு அவரு வாயால சொன்னா எனக்குப் போதும். நான் நம்பிக்குவேன்."

அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு வாக்கியம். என்னைத் தண்டிக்கச் சொல்லவில்லை. நஷ்ட ஈடும் கேட்கவில்லை. தன்னைக் கொலைகாரன் என்று முதலில் சொன்னவனே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்படிச் செய்ய முடிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார். "சம்பவ இடத்துல நீங்க ஏதாவது கருத்துத் தெரிவிச்சீங்களா?"

"என் கருத்து அறிக்கையில் உள்ளதுதான் சார்" என்றேன். "அது இரத்தம் அல்ல."

"இன்ஸ்பெக்டர் கேட்டதுக்குத் தலைய ஆட்டுனீங்களே சார்" என்றார் கன்னியப்பன். குற்றம் சாட்டும் குரலே இல்லை. நினைவூட்டும் குரல். "நான் வேப்ப மரத்தாண்டயிருந்து பாத்தேனே."

இன்ஸ்பெக்டர் சுவரோரம் நின்றிருந்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார். ஆர்.டி.ஓ. பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார்.

"அப்படிச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

கன்னியப்பன் என்னை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏதோ ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்ததுபோல் அவர் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஆர்.டி.ஓ.விடம் சொன்னார்:

"பாத்தீங்களா சாமி. படிச்சவரு, குடிக்காம தெளிவா நின்னுகினு செஞ்சது, அவருக்கே ஞாபகம் இல்ல. நான் குடிச்சிகினு வேற இருந்தேன்."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து, காட்டிய இடத்தில் அழுத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.